விருந்தினருக்கு ஒரு கையேடு

சென்ற ஆண்டு ஜூலைத் திங்களில் நம் மகனிடமிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. ஜெர்மனியில் பொறியாளராகப் பணியாற்றும் அவன், விடுமுறைக்கு ஊர் வரும்போது தன்னுடன் பணிபுரியும் பல்கேரிய நாட்டு நண்பர் ஒருவரையும் அழைத்து வருவதாகச் சொன்னான். வருகிறவருக்கு நம் ஊரைப்பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்க ஒரு சிறு கையேடு வேண்டுமாம். "என்ன சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம், என்னென்ன திருவிழா, பழக்கவழக்கம் எப்படி, இதெல்லாம் ஒரு நாலு பக்கம் எழுதி அனுப்புங்கப்பா. அவங்க நாட்டுக்குப் போறவங்களுக்கு இப்படித்தான் புத்தகம் போட்டு வச்சிருக்காங்க" என்றான்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்த நமக்கு நான்கு பக்கம் எழுதுவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. உணவு, பொழுதுபோக்கு, திருவிழா, பழக்கவழக்கம் என்று பக்கத்துக்கு ஒன்றாகத் தலைப்பிட்டு இரண்டே நாளில் எழுதி அனுப்பிவிட்டோம். அப்போது நமக்கு நிறைவாகவே இருந்தது. ஆனால் நான்காவது பக்கத்தை இன்றுவரை நம்மால் சரியாக எழுதி முடிக்க இயலவில்லை. அது ஏன் என்பதை இம்மாத இதழின் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

உணவு

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரியாணி. நம் கையேடும் அதிலிருந்தே தொடங்கியது. 1957ஆம் ஆண்டு நாகசாமி நாயுடு என்பவர் இந்நகரில் ஒரு சிறு பிரியாணிக் கடையைத் தொடங்கினார். அவர் எப்போதும் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையே கடைக்குப் பெயராகிவிட்டது. நீண்ட அரிசியை விடுத்துப் பொடியான சீரகச் சம்பா அரிசியில் சமைப்பதே நம் ஊர்ப் பிரியாணியின் தனித்தன்மை. அந்த அரிசி இறைச்சியின் சாற்றை உள்வாங்கிக்கொள்ளும். குங்குமப்பூவின் நிறமோ பன்னீரின் மணமோ இராது. மிளகின் காரமும் தயிர், எலுமிச்சையின் புளிப்பும் முன்னே நிற்கும்.

அதன்பின் சிறுமலை வாழைப்பழத்தைப் பற்றி எழுதினோம். விருப்பாச்சி வாழையும் சிறுமலை வாழையும் 2008ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்றவை. 2019ஆம் ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு, திண்டுக்கல் பூட்டு ஆகியனவும் அப்பட்டியலில் சேர்ந்தன. பூட்டு உண்ணும் பொருள் அன்று எனினும் ஊர்ப் பெருமை கருதி அதனையும் உணவுப் பக்கத்திலேயே எழுதிவிட்டோம்.

விருந்தினர் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்து சேர்ந்தார். முப்பது வயது மதிக்கத்தக்க உயர்ந்த இளைஞர், அடக்கமான குணம். முதல் நாள் மதிய உணவிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. நம் இல்லாள் அவருடைய இலை அருகே நின்று, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்று கையால் குறிப்புக் காட்டிக் கேட்டார். அவர் தலையை மேலும் கீழும் அசைத்தார். சோறு விழுந்தது. மீண்டும் கேட்டார், மீண்டும் அதே அசைவு, மீண்டும் சோறு. நான்காம் முறை அவர் முகத்தில் தெரிந்த கலக்கத்தைக் கண்டு மகன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைத்தால் வேண்டாம் என்று பொருளாம்; பக்கவாட்டில் அசைத்தால் ஆம் என்று பொருளாம். ஜெர்மனியில் இதை மாற்றிக்கொண்டு பழகியிருந்தும், பயணக் களைப்பில் அவருடைய கழுத்து தாய்நாட்டுப் பழக்கத்துக்கே திரும்பிவிட்டது.

"நம்ம ஊர்ல என்ன தெரியுமா? ஆமாம்னும் இல்லாம, இல்லைன்னும் இல்லாம, ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆட்டு ஆட்டுவோம்" என்று மகன் அவருக்கு விளக்கிக் காட்டினான். அனைவரும் சிரித்தோம். அந்த நடுவாந்தர அசைவு பின்னர் நம்மையே சுடும் என்பதை அப்போது நாம் அறியவில்லை.

உணவின் முடிவில் மோர் கொடுத்தோம். அதை அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு முகம் மலர்ந்தார். தயிரில் நீரும் உப்பும் கலந்து கடைந்த பானத்தை அவர்கள் அய்ரன் என்கிறார்களாம். தயிரைக் கரைத்து வெள்ளரிக்காய், பூண்டு, வால்நட் பருப்பு சேர்த்துக் குளிர்ச்சியாக உண்ணும் தராத்தோர் என்ற உணவும் உண்டாம். நம் வெள்ளரிப் பச்சடிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி போலும். பால் தயிராவதற்குக் காரணமான நுண்ணுயிர்களில் ஒன்றை 1905ஆம் ஆண்டு கண்டறிந்தவர் ஸ்தாமன் கிரிகோரவ் என்ற பல்கேரிய மருத்துவர் என்பதும், அந்த நுண்ணுயிருக்கு அந்நாட்டின் பெயரே வழங்கப்பட்டது என்பதும் அன்று நாம் அறிந்த செய்திகள். தயிருக்கு இத்தனை மரியாதை தரும் நாட்டவர் நம் வீட்டில் அந்நியராக இருக்க முடியாது என்று இல்லாள் தீர்ப்பளித்துவிட்டார்.

பொழுதுபோக்கு

இப்பக்கத்தில் 1605ஆம் ஆண்டில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய மலைக்கோட்டை, சின்னாளபட்டியின் சுங்குடிச் சேலைகள், 1947இல் தொடங்கப்பெற்ற காந்திகிராமம், வியாழக்கிழமைதோறும் அய்யலூரில் கூடும் ஆட்டுச் சந்தை ஆகியவற்றை எழுதினோம். நம் பகுதியின் பெரும் பொழுதுபோக்கான ஜல்லிக்கட்டுக்குத் தனிப் பத்தி ஒதுக்கினோம். தை பிறந்துவிட்டால் புகையிலைப்பட்டி, கொசவபட்டி, தவசிமடை, உலகம்பட்டி என்று ஊர் ஊராக வாடிவாசல் திறக்கும். இவ்வூர்களில் புனித அந்தோணியார், புனித செபஸ்தியார், உத்திரிய மாதா என்று நம் ஆலயத் திருவிழாக்களை ஒட்டியே காளைகள் அவிழ்க்கப்படுகின்றன. 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தடையால் நின்றுபோய், 2017ஆம் ஆண்டு இளைஞர் எழுச்சியாலும் அதைத் தொடர்ந்த சட்டத் திருத்தத்தாலும் மீண்டு, 2023ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நிலைபெற்ற வரலாற்றையும் சுருக்கமாகச் சொன்னோம்.

நாகல்நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறைக்கும் அவரை அழைத்துச் சென்றோம். மாங்காய் வடிவப் பூட்டு ஒன்றை முதிய தொழிலாளி ஒருவர் அரத்தால் இழைத்துக்கொண்டிருந்தார். எந்திரத்தில் வார்த்த மலிவான பூட்டுகள் வந்தபின் இக்கைத்தொழில் நலிந்துவிட்டது. விருந்தினர் ஒரு பூட்டை விலைக்கு வாங்கினார். "இந்த ஊரில் இத்தனை பூட்டுகள் செய்கிறார்களே, வீடுகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றனவே?" என்று அவர் கேட்டபோது நமக்குப் பெருமை தாங்கவில்லை.

திருவிழா

மூன்றாம் பக்கத்தை எழுதும்போது நம் பேனா நிற்கவே இல்லை. 1866 முதல் 1872 வரை எழுப்பப்பட்டு, 2003ஆம் ஆண்டு திண்டுக்கல் மறைமாவட்டம் உதயமானபோது பேராலயமாக உயர்ந்த புனித வளனார் ஆலயம். மேட்டுப்பட்டி வியாகுல அன்னை ஆலயத்தில் நடைபெறும் பாஸ்கு. புனித வெள்ளியன்று ஆண்டவரின் திருவுடலைப் பேழையில் சுமந்து செல்லும் தூம்பாப் பவனி. மாரம்பாடி பெரிய அந்தோணியார் திருவிழா. மாசித் திங்களில் கோட்டை மாரியம்மன் கோயில் பூக்குழியையும், நத்தம் மாரியம்மன் கோயில் கழுமரத்தையும், பேகம்பூர் இசுலாமியச் சகோதரர்களின் பெருநாள்களையும் மறவாமல் சேர்த்தோம்.

பூக்குழியைப் பற்றிப் படித்திருந்த விருந்தினர், தம் நாட்டிலும் அது உண்டு என்று சொன்னபோது நாம் வியந்தோம். ஸ்த்ராஞ்சா மலைப்பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில் புனிதர் கான்ஸ்தந்தீன், புனித எலேனா திருநாளில், புனிதர்களின் திருவுருவப் படங்களை ஏந்தியவாறு வெறுங்காலுடன் தணலின்மேல் நடக்கிறார்களாம். 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு அதனை மானுடப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அவர் வந்த வேளை முத்தழகுபட்டிப் புனித செபஸ்தியார் திருவிழா நடைபெறும் வேளை. புனிதரின் திருநாள் சனவரி 20 ஆயினும், அங்கே பெருவிழா ஆகஸ்ட் தொடக்கத்தில்தான். கொள்ளைநோய்க் காலத்தில் காப்பவர் என்று கிறிஸ்தவ உலகம் முழுதும் போற்றப்படும் அந்த வீரருக்கு, மக்கள் தம் நேர்ச்சையாக ஆடு, கோழி, அரிசி, காய்கறி ஆகியவற்றைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். அவையனைத்தும் இரவோடிரவாகப் பெரும் பெரும் அண்டாக்களில் வெந்து, சோறும் கறிக்குழம்புமாக வருவோர் அனைவருக்கும் படைக்கப்படுகின்றன. இந்து, இசுலாமியர், கிறிஸ்தவர் என்ற கேள்வியே அங்கில்லை.

அன்றிரவு அடுப்புகளின் வரிசைக்கு முன்னே அவர் வெகு நேரம் அசையாமல் நின்றார். புகையினால் கண் கலங்கியதா வேறு காரணமா என்று தெரியவில்லை. "எங்கள் பாட்டியின் ஊருக்கு வந்துவிட்டேன்" என்றார். மே 6ஆம் நாள் புனித ஜார்ஜ் திருநாளில் அங்கே ஆட்டுக்குட்டியை நேர்ந்து, ஆலய முற்றத்தில் கொப்பரைகளில் சமைத்து, குருவானவர் மந்திரித்தபின் ஊரே பகிர்ந்து உண்ணுமாம். அந்த நேர்ச்சை விருந்துக்கு அவர்கள் இட்ட பெயர் குர்பான்.

அச்சொல் நம்மைச் சிந்திக்கச் செய்தது. பேகம்பூரில் பக்ரீத் திருநாளன்று கொடுக்கப்படும் குர்பானியும் இதே சொல்தான். கேரளத்துச் சீரியக் கிறிஸ்தவர் தம் திருப்பலியைக் குர்பானா என்று அழைப்பதும் இதே வேரிலிருந்துதான். எபிரேயரின் ஆலயக் காணிக்கைக்கும் இதுவே பெயர். கொடுப்பது, கொடுத்ததைப் பகிர்வது என்னும் செயலுக்கு இத்தனை சமயங்கள் ஒரே சொல்லை ஆள்கின்றன. நாம் பீடத்தின் முன் முழங்காலிட்டுப் பெறும் நற்கருணையும் அந்தச் சொல்லின் முழுமையே அன்றோ? அன்றிரவு கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் இதையும் ஒரு குறிப்பாகச் சேர்த்தோம்.

பழக்கவழக்கம்

நான்காவது பக்கத்தை நாம் எழுதியிருந்த விதம் இது: வீட்டுக்குள் நுழையும்முன் காலணியைக் கழற்ற வேண்டும். வலக்கையால் உண்ண வேண்டும், வலக்கையால் கொடுக்க வேண்டும். பெரியோரைப் பெயர் சொல்லி அழைக்கலாகாது. வந்தவர்க்கு முதலில் தண்ணீர் கொடுப்பது தமிழர் மரபு. விருந்தோம்பலுக்கென்றே திருவள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். மம்ரே மரத்தோப்பில் ஆபிரகாம் வழிப்போக்கர் மூவரை ஓடிச்சென்று எதிர்கொண்டதுபோல், எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கதவையும் நீங்கள் தட்டலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியபோது அதில் பொய் இருப்பதாக நமக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் 10ஆம் நாள் வந்தது. 1950ஆம் ஆண்டு அதே நாளில் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியலினத்தார்க்குரிய உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவராகவும் இசுலாமியராகவும் இருக்கும் தலித் மக்களுக்கு அவ்வுரிமை இன்றளவும் கிட்டவில்லை. அதனால் அந்நாளைத் திருச்சபை கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. ஆலய வளாகத்தில் கறுப்புக் கொடியைக் கண்டு விருந்தினர் காரணம் கேட்டார். நாம் ஆண்டுகளையும் ஆணைகளையும் வரிசைப்படுத்தி விளக்கினோம். அரசின் அநீதியை எடுத்துரைப்பதில் நம் நாவுக்குத் தடையே இருக்கவில்லை.

ஐந்து நாள் கழித்து விண்ணேற்பு அன்னையின் திருநாள். நம் பூர்வீக ஊரில் அன்று சப்பரப் பவனி. ஊரின் பெயர் இங்கே வேண்டாம். சமவெளியில் நிலக்கடலையும் முருங்கையும் பூச்செடிகளும் விளையும் பல ஊர்களில் அதுவும் ஒன்று. விருந்தினரையும் மகனையும் அழைத்துக்கொண்டு மாலையே போய்ச் சேர்ந்தோம். மல்லிகையாலும் மின்விளக்குகளாலும் அணி செய்யப்பட்ட சப்பரத்தில் அன்னை எழுந்தருளினார். வாணவேடிக்கை, மேளம், செபமாலை. மேலத் தெரு, நடுத் தெரு, கோயில் தெரு என்று வலம்வந்த சப்பரம், வேப்பமரத்து மூலையை அடைந்ததும் சற்று நின்று, பின் திரும்பி ஆலயத்தை நோக்கிச் சென்றது.

அந்த மூலைக்கு அப்பால் கீழத் தெரு. அங்கே வாழும் மக்கள் கையில் மெழுகுதிரியும் மாலையுமாக மூலையில் காத்து நின்றார்கள். சப்பரம் நின்ற அந்தச் சில மணித் துளிகளில் மாலைகளைக் கொடுத்தார்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். பின் சப்பரம் திரும்பிற்று. நாம் பிறந்த நாள் முதல் கண்ட காட்சி இது. கண்டு கண்டு பழகியதனாலேயே நாம் காணாமற்போன காட்சி.

"அந்தப் பக்கமும் வீடுகள் இருக்கின்றனவே, அன்னை ஏன் அங்கே போகவில்லை?" என்று விருந்தினர் கேட்டார். மகன் நம் முகத்தைப் பார்த்தான். "அங்கே பாதை குறுகல்" என்று சொன்னோம்.

நமக்குப் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். அவர் நம்மிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர், கீழத் தெருக்காரர், இப்போது அரசுப் பணியில் இருப்பவர். நாம் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் சினம் கொள்ளவில்லை. வகுப்பில் கணக்கில் பிழை கண்டால் எழுந்து நிற்கும் அதே பணிவோடு, "ஐயா, எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வருது. கடலை மூட்டை ஏத்துற லாரியும் வருது" என்றார். பின்பு விருந்தினரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, "விருந்தாளிக்கு ஊரெல்லாம் காட்டுறீங்கய்யா. எங்க வீட்டுக்கும் கூட்டிட்டு வாங்க. அம்மா உங்களைப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கு" என்றார்.

நம் தலை அசைந்தது. ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மகன் முதல் நாள் வேடிக்கையாகச் செய்துகாட்டிய அதே நடுவாந்தர அசைவு. நாற்பது ஆண்டுகளாக அறிந்த மாணவர். அவர் திருமணத்துக்கு ஆலயத்தில் வாழ்த்துச் சொன்னோம். அவர் தந்தையின் அடக்கத்துக்கும் போனோம், கல்லறைத் தோட்டத்தின் வாயில்வரை. ஆனால் அவர் வீட்டு வாசற்படியை நாம் மிதித்ததில்லை என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. யாரும் நம்மைத் தடுத்ததில்லை. போகக்கூடாது என்று நாமும் எண்ணியதில்லை. போக வேண்டும் என்ற எண்ணமே எழாதபடி ஒரு பூட்டு எங்கோ தொங்கிக்கொண்டிருந்தது.

விருந்தினருக்கு மொழி தெரியாது. அழைப்பு என்பது மட்டும் புரிந்தது. தம் நாட்டு வழக்கப்படித் தலையைப் பக்கவாட்டில் அசைத்தார், ஆம் என்று. அவரும் மகனும் முன்னே நடக்க நாம் பின்தொடர்ந்தோம். சிமெண்டுச் சாலை, சப்பரம் தாராளமாகச் செல்லக்கூடிய அகலம்.

சிறிய, தூய்மையான வீடு. சுவரில் திருஇருதய ஆண்டவர் படமும், அதன்கீழ் எரியும் சிறு விளக்கும். மாணவரின் தாயார் எழுந்து வந்தார். எண்பது வயதுக்குமேல் இருக்கும். நம் கைகளைப் பற்றிக்கொண்டு, "வாத்தியாரய்யா வந்துட்டாக" என்று பலமுறை சொன்னார். பின் நம் அன்னையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"உங்கம்மா புண்ணியவதிய்யா. களை எடுத்துட்டு வெயில்ல வந்தா, கொல்லைப்புறம் நிக்கச் சொல்லி மோர் ஊத்துவாக. ஒருநாளும் இல்லேன்னு சொன்னதில்ல. சிரட்டை நெறைய ஊத்துவாக."

அவர் புகழ்ச்சியாகவே சொன்னார். அவர் குரலில் குத்தல் எள்ளளவும் இல்லை. ஆனால் சிரட்டை என்ற சொல் நம் நெஞ்சில் தைத்தது. கொல்லைச் சுவரில் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த அச்சிரட்டைகளைச் சிறுவனாக இருந்தபோது நாம் பார்த்திருக்கிறோம். நம் அன்னை நாள்தோறும் செபமாலை சொன்னவர், முதல் வெள்ளி தவறாமல் நற்கருணை வாங்கியவர், இரக்கமுள்ளவர். அந்த இரக்கம் சிரட்டைக்குள் உயரத்திலிருந்து ஊற்றப்பட்டது. வீட்டுக் குவளை ஒன்றை எடுத்துக் கொடுக்க அவருக்கும் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நமக்கும் தோன்றவில்லை.

பேசிக்கொண்டே அம்மூதாட்டி உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். பளபளக்கும் மூன்று எவர்சில்வர் குவளைகள், ஒரு தட்டில் வைத்து. மகனும் விருந்தினரும் எடுத்துக்கொண்டனர். விருந்தினர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "எங்கள் ஊர் மோரைப் போலவே இருக்கிறது" என்றார். மூன்றாவது குவளை நமக்கு. அதைக் கையில் வாங்கியபோது நம் கை நடுங்கியது. குடித்தோம். உப்பும் கறிவேப்பிலையும் இட்ட, நன்றாகக் கடைந்த மோர். அந்த வீட்டிலேயே இரவு உணவும் உண்டுவிட்டுத்தான் திரும்பினோம்.

ஊருக்குத் திரும்பியபின் விருந்தினரிடம் உண்மையைச் சொன்னோம். பாதை குறுகல் அல்ல என்றோம். அவர் நம்மைக் குறை கூறவில்லை. தம் நாட்டிலும் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டு வாழும் ரோமா மக்கள் உண்டு என்றும், தம் பாட்டியின் ஊர் விருந்துக்கு அவர்கள் கடைசியில்தான் வந்தார்கள் என்றும், அதைத் தாமும் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை என்றும் மெல்லச் சொன்னார். அவர் ஏற்கெனவே வைத்திருந்த பல்கேரியக் கையேட்டிலும் அந்தப் பக்கம் எழுதப்படவில்லையாம்.

அவர் சென்றபின், பல்கேரியாவுக்கும் நம் திருச்சபைக்கும் உள்ள தொடர்பைத் தேடிப் படித்தோம். அங்கே ஆர்த்தடாக்ஸ் சபையாரே பெரும்பான்மையர். கத்தோலிக்கர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அந்நாட்டுக்கு 1925ஆம் ஆண்டு திருத்தந்தையின் பிரதிநிதியாக அனுப்பப்பட்டவர் ஆஞ்செலோ ரொங்காலி ஆயர். பின்னாளில் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானாக இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டிய அதே புனிதர். பத்தாண்டுக் காலம் அங்கே பணிபுரிந்தார். 1928ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போது பாதிக்கப்பட்டோரிடையே சென்று உதவிகளை ஏற்பாடு செய்தார். 1934ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் விடைபெறும்போது, தாம் உலகில் எங்கே வாழ்ந்தாலும் தம் வீட்டுச் சன்னலில் ஒரு விளக்கு எரியும் என்றும், அவ்வழியே வரும் பல்கேரியர் எவரும் கதவைத் தட்டலாம் என்றும், அவர் கத்தோலிக்கரா ஆர்த்தடாக்ஸ் சபையாரா என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்றும் பொருள்பட அவர் உரையாற்றினார்.

எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம் என்று நாமும் எழுதியிருந்தோம். அவர் தம் வீட்டுக்கு மட்டும் உறுதி சொன்னார். நாம் ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் சேர்த்து உறுதி சொன்னோம், நம் வீட்டுக் கொல்லைப்புறத்தை மறந்துவிட்டு.

2016ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. இந்தியாவின் 1 கோடியே 90 இலட்சம் கத்தோலிக்கரில் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர் தலித் மக்கள் என்று அது கூறியது. திருச்சபைக்குள் தீண்டாமை பாவம் என்பதை ஆயர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எஞ்சியிருப்பது வேப்பமரத்து மூலைக்கும் கீழத் தெருவுக்கும் இடையிலுள்ள நூறடித் தொலைவு. அதை ஆயர்கள் வந்து நடந்து காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. அது நம் ஊர், நம் சப்பரம்.

இவ்வாண்டு திருவிழாவுக்கு இரு மாதம் முன்பு ஊர்க் கூட்டத்துக்குச் சென்று, சப்பரம் கீழத் தெருவுக்கும் போக வேண்டும் என்று கேட்டோம். கூட்டத்தில் சில நேரம் யாரும் பேசவில்லை. நம் உறவினரில் சிலருக்கே மனம் கசந்தது. ஓர் இளைஞரும் இரு பெண்களும் நம்மை ஆதரித்தனர். வழக்கத்தை ஒரே ஆண்டில் மாற்றினால் கலகம் வரும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று கூட்டம் முடிவுசெய்தது. அடுத்த ஆண்டு என்பது நம் ஊரில் பல தலைமுறைகளாக அடுத்த ஆண்டாகவே இருந்து வருகிறது. எனினும் கேட்டதும், கேட்டதற்கு மூவர் துணை நின்றதும் இவ்வூர் வரலாற்றில் புதியவை என்று மாணவர் சொன்னார். "கேட்டுக்கிட்டே இருப்போம்யா" என்றார்.

ஆகஸ்ட் 15ஆம் நாள் இரவு, சப்பரம் வழக்கம்போல் வேப்பமரத்து மூலைக்கு வந்தது. நின்றது. திரும்பியது. நாமும் இல்லாளும் சப்பரத்தோடு திரும்பவில்லை. மூலையின் அந்தப் பக்கம், கீழத் தெரு மக்களோடு மெழுகுதிரியைப் பிடித்தபடி நின்றோம். மூதாட்டி நம் இல்லாளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்னையின் சப்பரம் விளக்குகளோடு விலகிச் செல்வதை அங்கிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை இத்தனை வயதில் முதல் முறையாக அறிந்தோம்.

அடுத்த ஆண்டும் வருவதாக விருந்தினர் எழுதியிருக்கிறார். கையேட்டின் நான்காம் பக்கத்தில், எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம் என்ற வரியை அடித்துவிட்டு, எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள் என்று மட்டும் இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறோம்.